துவிச்சக்கர வண்டி முனகினால்...

துவிச்சக்கர வண்டியிற் சிறு சத்தம் எழுந்ததும் எண்ணெய்க் குப்பியைத் தேடுவது பலருடைய வழக்கம். சத்தம் அன்று அடங்கும், நோயோ அடங்குவதில்லை. எண்ணெய் விடுமுன் காதுகொடுத்துக் கேட்பதே முதல் வைத்தியம் என்போம்.

மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுவோம். அப்போதும் சத்தம் தொடர்ந்தால், சில்லின் அச்சையும் மட்காட்டையும் பார்க்கவேண்டும். பின்சில்லின் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி மட்டும் பிறீவீலின் இயல்பு, அதற்கு அஞ்சவேண்டியதில்லை.

மிதிக்கையில், சுற்றுக்கு ஒருமுறை ‘டொக்’ என்று கேட்கிறதா? மிதியோ, கிராங்கோ, கிராங்கை அச்சோடு பிணைக்கும் கொட்டர் பின்னோ தளர்ந்திருக்கக்கூடும். இதனை நாளைக்கென்று தள்ளிவைத்தல் ஆகாது. தளர்ந்த பின், தான் தேய்வதோடு கிராங்கின் துவாரத்தையும் கெடுத்துவிடும். சிறு செலவோடு முடியவேண்டியது பெருஞ் செலவாகும்.

இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை கேட்டால், சங்கிலியில் ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். சங்கிலி முழுவதும் ஒருதரம் வலம்வர, மிதி ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றவேண்டுமல்லவா? மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுற்றினால் அக்கண்ணி துள்ளிக் காட்டிக்கொடுக்கும். அதனைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

சங்கிலி உறையில் அடித்தால் அது தளர்வு. இடையறாது அரைத்தால் மிகை இறுக்கம். இரு பற்சில்லுகளுக்கும் நடுவே சங்கிலி மேலுங் கீழுமாக அரை அங்குலம் அசைவதே அளவு. பின்சில்லின் நட்டுகளைத் தளர்த்திச் சில்லை நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். மிதியைச் சுற்றிப் பார்த்து, சங்கிலி மிக இறுகும் இடத்திலேயே அளவிடவேண்டும். சுற்றும்போது விரல்களைப் பற்களுக்கு அருகே கொண்டுசெல்லலாகாது.

‘கிறீச்’ என்ற ஒலி பெரும்பாலும் வறட்சியின் குரல். சங்கிலியைத் துணியால் துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேற்புறத்தை மீண்டும் துடைக்கவேண்டும். வெளியே வழியும் எண்ணெய் மணலைச் சேர்த்துச் சங்கிலியையே அராவும்.

இறுதியாக, அடிமட்டத்தை எடுப்போம். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12 1/16 அங்குலமானதும் சங்கிலியை மாற்றினால் பற்கள் பிழைக்கும். 12 1/8 வரை விட்டுவைத்தால், சங்கிலியோடு பற்சில்லுகளுக்கும் விலை கொடுக்க நேரும். வரும் ஞாயிறன்று அளந்து பாருங்கள்.