மார்ச் மாதத்து இரு நோன்புகள்

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வெயில் ஏறத் தொடங்கும் மார்ச் மாதத்தில், கத்தோலிக்கர் பெரும்பாலும் தவக்காலத்தை அனுஷ்டித்துக்கொண்டிருக்க, பஹாய் சமயத்தார் சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை அன்னமும் நீருமின்றி 19 நாள் நோன்பிருந்து நவ்ரூஸ் என்னும் புத்தாண்டை எதிர்கொள்கின்றனர். நோன்பில் ஒத்தாலும் பச்சாத்தாபத்தின் வழியில் இவர்கள் வேறுபடுகின்றனர்: முன்னவர்க்குக் குருவானவரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் தேவதிரவிய அனுமானங்களுள் ஒன்று. பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவோ மனிதன் முன் பாவத்தை வெளியிட்டு மன்னிப்புக் கோருவதை விலக்கி, குருமார் வகுப்பையே ஒழித்து, பச்சாத்தாபத்தை ஆத்மாவுக்கும் ஆண்டவனுக்கும் இடையே வைத்தார். இவ்வேற்றுமையை மூடி, எல்லாம் ஒன்றே என்பது இரு சமயங்களுக்கும் மரியாதையாகாது. ஆயினும், நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மட்டுமன்றிக் கடும் உடலுழைப்பாளிக்கும் விலக்களித்து, அவ்வுழைப்பாளி மறைவில் மிதமாக உண்பதே சிறப்பெனக் கூறும் பஹாய் விதியை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உலையருகே நிற்பவனையும் நினைத்து வகுத்தாற்போன்ற அக்கருணைக்காக, நான் மனமார வணங்குகிறேன்.