ஒரு நாள் தவறினால் ஒரு வாரம்

பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர், சென்ற ஞாயிறன்று என் இல்லம் வந்தார்.

"அண்ணா, என் மகள் கணக்கியல் பாடத்தில் தவறிவிட்டாள். மறுபடியும் எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அமெரிக்காவில் என் தம்பி மகன் ஒரு பாடத்தை ஜனவரியில் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டானாமே, மெய்தானா?" என்று வினவினார்.

மெய்தான். அந்நாட்டுக் கலாசாலைகளில் முதற்பருவம் டிசம்பரில் முடிந்துவிடும். அடுத்தது பல இடங்களில் ஜனவரிக் கடைசியில்தான் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் முறைக்கு, 1960-இல் வகுப்புகளைத் தொடங்கிய பிளாரிடா பிரெஸ்பிடேரியன் கல்லூரி (இன்றைய எக்கர்ட் கல்லூரி) முன்னோடியாயிற்று. வில்லியம்ஸ் கல்லூரி 1967-இலும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1971-இலும் ஜனவரியை இவ்வாறு ஒதுக்கின. அங்கெல்லாம் புதியன கற்பதே முதல் நோக்கம். தவறிய பாடத்தை ஈடுசெய்யவும் வேறு பல பல்கலைக்கழகங்கள் குளிர்காலப் பருவம் நடத்துகின்றன.

மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது கால அட்டவணைக் கணக்காகவே தோன்றுகிறது. வண்டி விரைந்தாலும் தூரம் குறைவதில்லை. வாரம் 3 மணி வீதம் 15 வாரம் நடக்கும் பாடம் 45 மணி நேரம். அதை மூன்று வாரத்தில் முடிக்க, வாரம் ஐந்து நாளும் தினம் 3 மணி அமர வேண்டும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரப் பாடம் போயிற்று! வீட்டில் போட்டுப் பழகவேண்டிய கணக்குகள் வேறு. அம்மையாரின் மகளோ மாலையில் கடையொன்றில் வேலை பார்க்கிறாள். அந்த வேலையை விட்டாலன்றி இது நடவாது என்றேன். தாயார் சற்று நேரம் பேசவில்லை.

நம் நாட்டில் நீண்ட விடுமுறை கோடையில். ஆகவே, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புச் சட்டகம், எட்டு வாரக் கோடைப் பருவத்தைக் குறிப்பிடுகிறது. நிலுவைப் பாடங்களை முடிக்க அப்போது விரைவு வகுப்புகள் நடத்தலாம் என்கிறது. 'நடத்தலாம்' என்பதுதான் சொல், 'நடத்தவேண்டும்' என்பதன்று. கோப்புகளோடு காலந்தள்ளுபவன் இவ்விரு சொற்களுக்கும் உள்ள தூரத்தை அறிவான். விருப்பமுள்ள கல்லூரி நடத்தும். அல்லாதது கதவைச் சாத்திவிட்டு விடுமுறை போகும்.

"கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?" என்றார் அம்மையார்.

"கேளாமலிருந்தால் ஒரு வருஷம் நிச்சயம் போகும், அம்மா. வகுப்பு உண்டா, கட்டணம் எவ்வளவு, அதிலேயே பரீட்சையும் உண்டா என்று எழுத்திலேயே கேட்போம்" என்றேன்.

விண்ணப்பத்தை அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். கடை வேலையை இரண்டு மாதம் நிறுத்தத் தயார் என்று மகளே சொல்லிவிட்டாளாம். வரும் திங்களன்று இருவரும் கல்லூரி முதல்வரைக் காணச் செல்கிறார்கள். நகலொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வரும்படி சொல்லியிருக்கிறேன்.