திருப்புளி பிடிக்கட்டும் நம் பிள்ளைகள்



"ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் குழாய் பழுதுபார்க்கும் வேலைக்குத்தான் போவாய்!"

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள நம் வீடுகளில் இவ்வகைச் சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை அரிது. அக்கறையால் சொல்லப்படுவதுதான். ஆனால், அதே வீட்டில் குழாய் சொட்டத் தொடங்கினால் என்ன நடக்கிறது? அடியில் ஒரு வாளி வைக்கப்படுகிறது. பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசி அழைப்பு போகிறது. அவர் வரும்வரை வீடே காத்திருக்கிறது. எந்த வேலையைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தினோமோ, அந்த வேலை தெரிந்தவரின் வருகைக்காகத்தான் காத்திருக்கிறோம்!

வீட்டின் சிறு பழுதுகளைச் சரிசெய்வதும் தோட்டத்தைப் பேணுவதும் கல்வியின் ஒரு பகுதி. கல்வியில் பின்தங்கியவருக்கு விதிக்கப்படும் தண்டனை அன்று. இதுவே என் கருத்து.

பெற்றோரின் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் கைகளின் உழைப்பை நம்பியே இந்நாட்டுக்கு வந்தனர். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவினர், இருப்புப்பாதை அமைத்தனர். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்ததை நாம் அறிவோம். அவ்வுழைப்புக்குக் கிடைத்த கூலி குறைவு. மதிப்போ அதனினும் குறைவு. "என் பிள்ளை மண்வெட்டி பிடிக்கக் கூடாது" என்று ஒரு தலைமுறை உறுதி பூண்டதில் நியாயம் உண்டு.

தமிழகத்திலும் இதனையொத்த ஒரு வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டில், இராஜாஜி முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பில் பயில வேண்டும், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. பெரியார் உள்ளிட்ட பலர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று சாடி எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதே நன்று.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அன்று எதிர்க்கப்பட்டது கைவேலை அன்று. பிறப்பைக் காரணம் காட்டி அதனைச் சிலர் தலையில் மட்டும் கட்டியதே எதிர்க்கப்பட்டது. மருத்துவரின் மகனும் லாரி ஓட்டுநரின் மகளும் ஒரே திருப்புளியைப் பிடித்து ஒரே திருகாணியை முடுக்கினால் அது குலத்தொழில் ஆகாது, பொதுக்கல்வி ஆகும். கைவேலை எல்லாருக்கும் பொதுவானால்தான் அதன்மேல் படிந்த இழிவு நீங்கும்.

கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடையைத் திறந்த 'மிஸ்டர் டி.ஐ.ஒய்.' நிறுவனம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. 'நீயே செய்து பார்' என்பதே அப்பெயரின் பொருள். வாங்கி வந்த சுத்தியலும் ஸ்பேனரும் அலமாரியில் உறங்குகின்றன என்பதே நம் குறை.

சொட்டும் குழாயையே எடுத்துக்கொள்வோம். பழைய வகைத் திருகுக் குழாயாயின், பெரும்பாலும் தேய்ந்துபோன ரப்பர் வாஷரே காரணம். நீர்மானி அருகிலுள்ள அடைப்பானை மூட வேண்டும். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடிக்க வேண்டும். ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி வாஷரை மாற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் பதினொரு வயதுப் பிள்ளை இதனைச் செய்யும். மாற்றுவதற்கு முன்பு ஒரு கணக்கும் போடலாம். குழாயின் அடியில் ஒரு லிட்டர் போத்தலை வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது எனக் குறிக்கட்டும். ஒரு நாளில், ஒரு மாதத்தில் எத்தனை லிட்டர் வீணாகும் எனக் கணக்கிடட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள்! 2014ஆம் ஆண்டின் நீர்ப் பங்கீட்டை அனுபவித்த சிலாங்கூர் மக்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்ட வேலையோ உயிரோடு தொடர்புடையது. ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரமே போதும். எனவே வாரத்திற்கு ஒருமுறை பூந்தொட்டித் தட்டுகளையும் கூரைத் தாழ்வாரத்தையும் வாளிகளையும் சோதித்தால் டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க உதவலாம். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். இதனை அறிவியல் பாடத்தில் படித்த பிள்ளை, தன் வீட்டு வாசலில் செய்தும் பார்க்க வேண்டாமா? அடுக்குமாடி வீட்டில் நிலம் ஏது என்பீர்கள். கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் ஒரு தொட்டி போதும்.

எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று நான் கூறவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் பாடமே. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், தவறினால் மன்னிக்காது. மின்கம்பி இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்ற தகுதியாளரிடமே விட வேண்டும். பிள்ளைகளுக்கு மெயின் சுவிட்ச் எங்குள்ளது, அதனை எப்படி அடைப்பது என்பதைக் காட்டினால் போதும். மின்கசிவுத் துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானைப் பெரியவர்கள் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் அறுபட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் இவ்வறிவு உயிர் காக்கும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. முன்பு 'கெமாஹிரான் ஹிடுப்' என்ற வாழ்க்கைத் திறன் பாடம் இருந்தது. பின்னர் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' வந்தது. பெயர் மாறினாலும், அப்பாட நேரத்தைக் கணிதத்திற்கோ மொழிப் பயிற்சிக்கோ கடன் வாங்கும் பழக்கம் மாறியதா? 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. தேர்வைக் காரணம் காட்டி இனித் தப்ப இயலாது.

பெற்றோர்களே, வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தளர்ந்த அலமாரிக் கைப்பிடி ஒன்றை முடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும். முதல் முறை கோணலாக வந்தால் பிடுங்கிச் செய்யாதீர்கள். பொறுமையாக அருகில் நில்லுங்கள். அடுத்த முறை பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வரும்போது, "அங்கிள் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்" என்று சொல்லுங்கள். அந்தக் கைகளை மதிக்கக் கற்ற பிள்ளை, தன் கைகளையும் மதிக்கும்.