கண்ணாடிக்கு அந்தப் பக்கம்



ஸ்காபரோவில் நாங்கள் போகும் அரீனாவில் ஞாயிறு மத்தியானங்களில் ஒரே காட்சிதான். பிள்ளைகள் ஐஸில் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தாய் தகப்பனும் அம்மம்மாவும் கண்ணாடிக்குப் பின்னால் வாங்கில் இருந்து, பிள்ளை விழும்போதெல்லாம் பதறி எழும்புவார்கள். பல வருடம் நானும் அந்த வாங்கில்தான் இருந்தேன். போன மார்கழியில் மகள் ஒரு சோடி ஸ்கேட்ஸைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அம்மா, இண்டைக்கு நீங்களும் வாங்கோ" என்றாள். எனக்கு 52 வயது. இறங்கினேன்.

இறங்கின பிறகுதான் தெரிந்தது, எங்கள் பயத்தில் பாதி தளர்ந்த சப்பாத்தால் வருகிறது என்று. குளிருமென்று தடித்த மேசு இரண்டைப் போட்டு, அதற்கு ஏற்றபடி பெரிய ஸ்கேட்ஸ் எடுப்போம். உள்ளே கால் ஆடும், கணுக்கால் மடியும். மெல்லிய மேசு ஒன்று போதும். வழக்கமான சப்பாத்து அளவைவிடச் சற்றுச் சிறியதுதான் பெரும்பாலும் பொருந்தும். கணுக்காலடியில் கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டுங்கள்.

தலைக்கு ஹொக்கி ஹெல்மெட். வீட்டில் இருக்கும் சைக்கிள் ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபடுவதைத் தாங்குவதற்கென்று செய்தது. ஐஸில் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுவார்கள், அதுவும் மல்லாக்க விழுவார்கள். பெரியவர்களும் போட வேண்டும் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன். சால்வை நுனி தொங்கக் கூடாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கவே வேண்டாம்.

விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்தி, இடுப்புப் பக்கமாகச் சரியுங்கள். கையை நீட்டி ஊன்றப் போனால் மணிக்கட்டுத்தான் உடையும். விழுந்ததும் விரல்களைப் பொத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் பிளேடுகள் போகும். பிறகு முழந்தாளில் நின்று, ஒரு காலை ஊன்றி, மெல்ல எழும்பலாம்.

இடையில் மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். ஐஸைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் வரும். கலிபோர்னியாவில் ஐஸ் அரங்கு நடத்திய பிராங்க் சம்போனி 1949இல் உருவாக்கியது. அதற்கு முன் ஐஸைச் சுரண்டிக் கழுவி நீர் பாய்ச்ச மூன்று நான்கு பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்ததாம். இயந்திரம் ஊற்றுவது பெரும்பாலும் சுடுதண்ணீர் என்று கேட்டு என் மகன் நம்பவில்லை. சுடுதண்ணீர் மேற்படையைச் சற்று உருக்கிக் கீறல்களை நிரப்பி, இறுகப் பிடித்து உறையும். கீழே கொங்கிறீற்றுக்குள் ஓடும் குழாய்களின் குளிர் அதை விரைவில் கெட்டியாக்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த முதல் 10 நிமிடம்தான் பொன்னான நேரம், கீறலில் பிளேடு தடுக்காது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: எரிபொருளில் ஓடும் இயந்திரமாக இருந்தால் மூடிய அரங்கில் புகை தேங்கக்கூடும். பிள்ளைகள் தலையிடிக்குது, பிரட்டுது என்றால் உடனே வெளியே கூட்டிப்போய் அங்குள்ள பணியாளரிடம் சொல்லுங்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமான விஷயம். நடக்க முடியாதவர்களும் ஐஸுக்கு வரலாம். இருந்தபடி சறுக்கும் ஸ்லெட்ஜ் 1960களின் தொடக்கத்தில் ஸ்டொக்ஹோமில் பிறந்தது. உடல் இயலாமை வந்த பிறகும் ஹொக்கியை விட மனமில்லாதவர்கள் செய்துகொண்டது. 1994இல் லில்லஹம்மர் பராலிம்பிக்ஸில் ஸ்லெட்ஜ் ஹொக்கி ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. பொதுச் சறுக்கல் நேரத்தில் ஸ்லெட்ஜையும் சக்கர நாற்காலியையும் அனுமதிக்கும் நகராட்சி அரங்குகள் இங்கே இருக்கின்றன. போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: ஐஸ்வரை படியில்லாத வழி உண்டா, ஸ்லெட்ஜ் தருவார்களா, ஹெல்மெட் கட்டாயமா? டொரொண்டோ நகராட்சி அரங்குகளில் பொதுச் சறுக்கலுக்குக் கட்டணம்கூட இல்லை.

தை மாதம் என் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனோம். 79 வயது, சக்கர நாற்காலி, தலையில் பேரனின் ஹெல்மெட். நன்றாகச் சறுக்கத் தெரிந்த மகள் பின்னால் தள்ள, நான் ஓரத்துத் தடுப்பைப் பிடித்தபடி வந்தேன். இரண்டாவது சுற்றில் அம்மா, "கொஞ்சம் கெதியாத் தள்ளு பிள்ளை" என்றார்.

இந்த ஞாயிறும் போகிறோம். அம்மா இப்போதே தடித்த மேசுகளை எடுத்து வைத்துவிட்டார். அவருக்கு இரண்டு சோடியும் போடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்