‘அறியோம்’ என்பார்க்கு ஒரு வீடு விடை சொல்லும்!

ஆம்சுடர்டாம் நகரில், மெர்வெடெத் திடலில், 37 என்னும் எண்ணுள்ள வீடு இன்றும் நிற்கின்றது. இட்லரின் கொடுங்கோன்மைக்குத் தப்பிச் செருமனியினின்று வெளியேறிய ஓட்டோ பிராங்கு என்னும் யூதர், 1933-இல் அதன் ஒரு தளத்தில் குடிக்கூலிக்கு அமர்ந்தார். மனைவி எடித்தும், மகளிர் மார்கோ, ஆனி இருவரும் அவருடன் அங்கு வாழ்ந்தனர். 1940-இல் செருமானியப் படை நெதர்லாந்தையும் விழுங்கியது. 1942 சூன் 12-இல், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், ஆனி நாட்குறிப்பேட்டைப் பெற்றது அவ்வீட்டில்தான். சூலை 5-இல் மார்கோவுக்குக் கட்டாய உழைப்புக்கான அழைப்பாணை வந்தது. மறுநாட் காலை, உடைமேல் உடை உடுத்து, கொட்டும் மழையில் அக்குடும்பம் வீட்டைத் துறந்தது. ஈராண்டு மறைவு வாழ்க்கை. 1944 ஆகசுட்டு 4-இல் சிறை. நால்வருள் உயிரோடு மீண்டவர் ஓட்டோ ஒருவரே!

போர் ஓய்ந்தபின், ‘இவையெல்லாம் யாம் அறியோம்’ என்றனர் பலர். அறியாரா? 1941-இல் நகராட்சி அலுவலரே, செருமானியரின் ஏவலால், யூதர் வாழ்ந்த தெருக்களைப் படமாய் வரைந்தனர். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்! புள்ளி வைத்த கை அறியாதா? யூதர் அகற்றப்பட்ட வீடுகளைப் புல்சு என்பானின் வண்டிகள் வழித்துச் சென்றன. பிராங்கு குடும்பத்தின் மறைவிடமும் அவ்வாறே வெறுமையாயிற்று. வீட்டைச் சூறையாடுதற்கு அவன் பெயராலேயே ‘புல்சன்’ என்றொரு வினைச்சொல் மக்கள் வாயிற் பிறந்தது. கொள்ளைக்குச் சொல் படைத்த நாவு, கொள்ளையை அறியேன் என்பதா? மாந்தர் பொய்ப்பர், மொழி பொய்க்காது!

‘ஆணைக்கு அடங்கியவர் என்செய்வர்?’ என்பதும் வெற்றுரையே. 1941 பிப்பிரவரி 25, 26 நாள்களில், யூதரைப் பிடித்துச் சென்றதை எதிர்த்து அதே நகரின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நெஞ்சுள்ளவர் எழுந்தனர், ஏனையோர் வாளாவிருந்தனர். அதுவே உண்மை!

போருக்குப் பின்னும் கொடுமை ஓய்ந்ததா? தம் வீடுகளுக்கு மீண்ட யூதரிடம், அவர்கள் விரட்டப்பட்டிருந்த காலத்து மனைக்குத்தகை நிலுவையும், அதற்கு ஒறுப்புக் கட்டணமும் கேட்டது நகராட்சி! அதற்கு ஈடாக 1 கோடி யூரோ வழங்க அது முன்வந்தது 2016-இல்தான்.

மெர்வெடெத் திடல் வீடோ, 2005 முதல், தம் நாட்டில் எழுத முடியாது துரத்தப்பட்ட எழுத்தாளர்க்குப் புகலிடமாய் விளங்கி வருகின்றது. மலர் வைத்துக் கண்ணீர் உகுப்பது எளிது. துரத்தப்பட்டவனுக்குக் கதவு திறப்பதே நினைவு கூர்தல், மற்றவையெல்லாம் நடிப்பு!