மேசைமீது ஓடினால் போதுமா?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளில் ஆர்எஸ்-485 இடைமுகம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘மேக்ஸ்485 மாட்யூல் இணைக்கப்பட்டது.’ ஒரு மீட்டர் கம்பியில் இரண்டு பலகைகள் பேசிக்கொண்டால் மதிப்பெண் உறுதி. கேள்வி கேட்பாரில்லை.

கேட்டிருந்தால் முதலில் மின்னழுத்தம் அகப்பட்டிருக்கும். மேக்ஸ்485 என்பது 5 வோல்ட்டில் இயங்கும் சில்லு. ஈஎஸ்பி32 பலகையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கானவை. ஆர்ஓ முனையை நேரே அதில் செருகுவது, இன்று எரியாவிட்டாலும், பிழையே. 3.3 வோல்ட்டுக்கென்றே மேக்ஸ்3485 இருக்கிறது. விலையைக் காட்டுவது வெறும் சாக்கு.

அதனினும் பெரிய அறியாமை முடிவுத்தடை பற்றியது. தடத்தின் இரு கோடிகளில் மட்டுமே 120 ஓம் வேண்டும். மலிவு மாட்யூல்கள் பலவற்றில் அது ஒவ்வொன்றிலும் பற்றவைத்தே வருகிறது. பத்தைத் தொடுத்தால் இணைத்தடை 12 ஓம். நியமமோ 54 ஓம் சுமைக்கே உறுதி தருகிறது. ஆய்வகத்தில் இரண்டோடு நின்றவர் தொழிற்சாலையில் பத்தைக் கோக்கும்போது தரவு சிதைகிறது. பழி மோட்பஸ் நிரல்மேல் விழுகிறது.

நிரலும் குற்றமற்றதன்று. கடைசி பைட் நகர்வுப் பதிவகத்தை விட்டு வெளியேறுமுன் டிஇ முனையைத் தாழ்த்துவோர் அநேகர். அர்டுயினோவின் ஃபிளஷ் கட்டளை அனுப்பி முடியும்வரை காத்திருக்கும். டிலே போட்டு ஊகிப்பது பொறியியலாகாது.

1200 மீட்டர் என்று தேர்வில் எழுதும் மாணவருக்கு, அந்த நீளம் குறைந்த வேகத்திற்கே பொருந்தும் என்பதைச் செய்து காட்டுவார் அரிது. நூறு மீட்டர் முறுக்கிணைக் கம்பிச்சுருளையும் ஓர் அலைக்காட்டியையும் தேர்வு மேசைமேல் வைக்கச்சொல்லும் துணிவு எந்தப் புறத்தேர்வாளருக்கு உண்டு?