கட்டடத்தைக் காட்டினால் போதுமா?

பெற்றவர்களை அழைத்து வந்து, தாம் பிழைக்கும் ஊரைக் காட்டவேண்டும் என்ற ஆசை, ஊர் விட்டு வந்த எல்லாருக்கும் உண்டு. மும்பைக்கு வந்த நம்மவர்கள் கேட்வே ஆப் இந்தியாவையும் மெரீன் டிரைவையும் காட்டி அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். இன்றோ, அண்ணன் இங்கே குமாஸ்தாவாக இருந்தால் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விசா வாங்கி, விமானச் சீட்டு எடுத்து, தாய் தந்தையரை அங்கே வரவழைக்கும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் வரவழைத்த பிறகு நடப்பதைப் பற்றி நாம் கொஞ்சம் சிந்திக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கிடைப்பது நாலு நாள் லீவு. அதற்குள் எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கிறான். காலையில் வாயிலிருந்து நீர் பொழியும் மெர்லயன் சிங்கச் சிலை. பகலில் செந்தோசாத் தீவு. மாலையில் மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் மெரினா பே சாண்ட்ஸ். அறுபத்தைந்து வயது முழங்கால் எவ்வளவு தாங்கும்? நகரும் படிக்கட்டில் காலை வைக்கவே அம்மா தயங்குகிறாள். அப்பாவோ ஒவ்வொரு டிக்கெட்டையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து, "உனக்கு ஏண்டா இந்த வீண் செலவு?" என்று முணுமுணுக்கிறார். ஒரு டாலர் அறுபது ரூபாய்க்கும் மேல் என்றால், கணக்குப் பார்த்தே குடும்பம் நடத்தியவர் வேறென்ன சொல்வார்? பிள்ளைக்குக் கோபம் வருகிறது.

பிறகு ஊர் திரும்புகிறார்கள். "சிங்கப்பூர் எப்படி இருக்கிறது?" என்று தெருவே கேட்கிறது. "பெரிய பெரிய கட்டடம்; குப்பை என்பதே கிடையாது" என்கிறார்கள். "மகன் என்ன வேலை பார்க்கிறான்? எங்கே தங்கியிருக்கிறான்?" என்று கேட்டால் பதில் இல்லை. நாலு நாள் கூடவே இருந்தும் பிள்ளையின் வாழ்வு அவர்கள் கண்ணில் படவில்லை.

நம் கருத்து இதுதான்: பெற்றவர்கள் ஊரைப் பார்க்க வருவதில்லை, பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். "இவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? அக்கம்பக்கத்தில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்களா?" என்பதுதான் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வரும் கேள்வி. ஐம்பத்தேழு மாடிக் கட்டடம் இதற்கு விடை சொல்லாது.

விடை சொல்லக்கூடிய இடங்கள் அந்த ஊரில் இல்லாமல் இல்லை. சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போகலாம். தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் குவிந்திருப்பதைக் கண்டால் தாயின் பாதிக் கவலை தீரும். வீரமாகாளியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டால் மீதியில் பாதி தீரும். ஒரு நாணயத்தைக் கையில் கொடுங்கள். அதில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் பொறித்திருக்கும். அவற்றுள் ஒன்று தமிழ். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாமே படித்துப் பார்க்கட்டும். மும்பையில் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தவித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்து சவுத் பிரிட்ஜ் சாலை. 1819-ல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, அங்கே செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர். 1827-ல் அவர் முயற்சியால் எழுந்ததுதான் அங்குள்ள மாரியம்மன் கோயில். அதே சாலையில் சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக 1830-ஐ ஒட்டிக் கட்டிய தர்கா உண்டு. நகரின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன கைதிகளின் உழைப்பு. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, ஒரு வாரம்போலக் கடலில் மிதந்து கரையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தன் பிள்ளை அநாதையாக வந்து விழவில்லை, இருநூறு ஆண்டுகளாக நம்மவர் நடந்த தடத்தில்தான் நடக்கிறான் என்று தந்தைக்குத் தெரிந்தால், அந்த ஆறுதலுக்கு விலை உண்டா?

இவற்றுக்கெல்லாம் மேலாக, பிள்ளை தன் நாளைக் காட்டவேண்டும். தினமும் ஏறும் ரயில், வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசல், மத்தியானம் சாப்பிடும் உணவங்காடி, தங்கியிருக்கும் அறை, கூட இருக்கும் நண்பர்கள். இங்கேதான் பலருக்குத் தயக்கம். ஓர் அறையில் நாலு பேர் படுப்பதைப் பார்த்தால் அம்மா அழமாட்டாளா என்கிறார்கள். அழுவாள், மெய்தான். ஆனால் ஒன்றும் தெரியாமல் ஊரில் உட்கார்ந்து அவள் கற்பனை செய்யும் துன்பம் அதைவிடப் பெரிது. உடன் தங்கும் பையன் எழுந்து நின்று, "உட்காருங்க அம்மா" என்று காப்பி கலந்து கொடுத்தால், மகனுக்கு அங்கே ஓர் உறவு இருக்கிறது என்று அவள் மனம் அமைதி அடையும். கட்டுமான வேலை செய்யும் தொழிலாளர் விடுதிக்குள் வெளியார் நினைத்தபடி நுழைய முடியாது; வாசல் வரையிலாவது அழைத்துப் போகலாம். லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைக்குப் போகும் நம் இளைஞர்களையும், ஞாயிறு மாலை ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்களையும் அப்பா தம் கண்ணால் பார்க்கட்டும்.

இதில் உணர்ச்சி மட்டுமல்ல, குடும்பத்தின் வரவு செலவும் அடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவனுக்குப் பணம் மரத்தில் காய்க்கிறது என்ற எண்ணம் ஊரில் இன்னும் போகவில்லை. மச்சானின் கடை முதலீடு, சித்தப்பா வீட்டுக் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் அவன் பெயரே முதலில் எழுதப்படுகிறது. அவன் போனில் சொல்லும் கஷ்டத்தை யாரும் நம்புவதில்லை. நேரில் பார்த்துவிட்டு வந்த தகப்பனார், "போதும் அப்பா, அவன் படும் பாட்டை நான் கண்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மறுபேச்சு இராது. அவரை மறுபடி அழைத்து வரக் காசும் உடம்பும் இடம் கொடுக்குமோ என்னவோ! ஊரார் நம்பும் அந்த ஒரே சாட்சியைப் பளபளப்பை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பினால், அவரே, "என் மகனுக்கு அங்கே என்ன குறை?" என்று சொல்லிவிடுவார். அப்புறம் குறைபட்டு என்ன பயன்?

அதற்காக அழகான இடங்களைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. கடற்கரைப் பூங்காவில் செயற்கை மரங்கள் இரவில் ஒளிவிடும் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. 1859-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலும் காசில்லாமல் உலாவலாம். ஒரு நாளைக்கு ஓர் இடம், வெயில் தாழ்ந்த பிறகு, அவர்கள் நடையின் வேகத்தில் போனால் போதும்.

இங்கே மும்பையில் இருக்கும் நமக்கும் இதே பேச்சுத்தான். சாலில் ஒற்றை அறையில் இருக்கிறோம், கூட்டத்தில் தொங்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் போகிறோம் என்பதைப் பெற்றவர்களிடம் மறைப்பானேன்? நேர்மையாக உழைத்து வாழும் வாழ்வில் வெட்கப்பட ஏதுமில்லை. பெற்றவர்கள் வந்தால் கட்டடங்களைப் பிறகு காட்டலாம். முதலில் உங்கள் சமையல் மேடையையும் படுக்கும் பாயையும் காட்டுங்கள்.